பாக்கெட் வைத்த நைட்டி பற்றிய புகார்

ஜனவரி 20, செவ்வாய்

மேல்வீட்டு ரெஜினா டீச்சர் பெயரில் போனில் ஒரு நைட்டிக்குச் சொல்லியிருக்கிறேன். மெரூன் நிறம், பாக்கெட் வைத்தது, நானூற்று நாற்பத்தொன்பது ரூபாய், கூரியருக்குத் தனியாக முப்பது. எனக்கு நைட்டி போடும் பழக்கம் கிடையாது. எழுபத்தொரு வயதுவரை புடவை என்னை ஒன்றும் செய்துவிடவில்லை. அந்தக் கடைக்காரி எப்படித் தைக்கிறாள் என்று பார்க்கத்தான் வாங்குகிறேன். எந்தக் கடை என்று இங்கே எழுத வேண்டிய அவசியமில்லை.

"ஏன்க்கா, உங்க பேர்லயே போட்டா என்ன? பார்சல் வரப்போறது உங்க வீட்டுக்குத்தானே?" என்றார் டீச்சர்.

"எம்பேரு அந்தக் கடைக்காரி வாயில நுழையாதுங்க டீச்சர்."

நாச்சாத்தாள் என்ற பெயர் வாயில் நுழையாத ஆள் பெருந்துறையைச் சுற்றி இருபது மைலுக்கு இல்லை. டீச்சர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்கப் போவதில்லை.

கடைக்குப் போனில் ஒரு சேனல் இருக்கிறது. தினம் காலை பத்து மணிக்குப் புது நிறம், புது அளவு, விலை எல்லாம் அதில் வரும். மொத்தம் முன்னூற்றுப் பன்னிரண்டு பேர் பார்க்கிறார்கள். பார்ப்பது யார் என்று கடைக்காரிக்குத் தெரியாதாம். டீச்சர் அதை என் போனிலும் போட்டுக் கொடுத்தார். எனக்கு வேலை இருக்கிறது. எப்போதாவது பார்ப்பேன்.

ஜனவரி 21, புதன்

பத்து மணிக்கு மூன்று நிறம் போட்டாள். பச்சை சுமார்.

ஜனவரி 23, வெள்ளி

பார்சல் வரவில்லை. நேரம் தவறுவது அவளுக்குப் புதிதில்லை.

ஜனவரி 24, சனி

வந்தது. உடனே பிரிக்க முடியவில்லை. ஆன்லைனில் இப்படி ஒரு சட்டம் வைத்திருக்கிறார்கள்: பார்சலைப் பிரிக்கும்போதே படம் பிடிக்க வேண்டும். மேலே ஒட்டிய விலாசம் தெரிய வேண்டும், நடுவில் நிறுத்தக் கூடாது. ஓப்பனிங் வீடியோ என்று பெயர். அது இல்லாவிட்டால் துணி கிழிந்திருந்தாலும் காசு திரும்பி வராது. கண்ணால் பார்த்ததைச் சொன்னால் போதாதாம்.

டீச்சர் போனைப் பிடித்துக்கொண்டார். "முகம் தெரியக் கூடாது, கை மட்டும்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். டீச்சர் கத்தரிக்கோல் நீட்டினார், நான் வாங்கவில்லை. நல்ல கவரை எதற்கு வெட்ட வேண்டும்? டேப்பை நகத்தால் கிளப்பிக் கிளப்பி எடுத்தேன். ஐந்து நிமிடம் ஆனது. டீச்சர் கை வலிக்கிறது என்றார். பாத்திரம் கழுவும் கையாக இருந்தால் வலித்திருக்காது.

கவரை மடித்து வைத்திருக்கிறேன். வத்தல் போட்டு வைக்க ஆகும்.

ஜனவரி 26, திங்கள்

நைட்டியை நனைத்தேன். சாயம் ஓடி என் வெள்ளைப் பாவாடை ரோஸ் ஆகிவிட்டது. பாக்கெட்டில் இரண்டு விரல்தான் போகிறது. சேனலில் காட்டியபோது போன், பர்ஸ் எல்லாம் உள்ளே போனது. இங்கே என் சாவிக்கொத்தே போகவில்லை.

கோபம் வந்திருக்க வேண்டும். இன்று மதியம் நன்றாகச் சாப்பிட்டேன்.

டீச்சர் ஓப்பனிங் வீடியோவை அனுப்பிவிட்டுப் புகார் எழுதினார்: "மதிப்பிற்குரிய நிறுவனத்தாருக்கு, தங்களின் தயாரிப்பில் சிறு குறைபாடு." சிறு குறைபாடாம்! நாற்பது வருடம் பிள்ளைகளுக்கு லீவ் லெட்டர் எழுதச் சொல்லிக் கொடுத்தவருக்குச் சண்டை வருமா? போனை வாங்கி நானே குரலில் அனுப்பினேன். அடையாளம் தெரியாமல் இருக்க வாயில் முந்தானையை வைத்துக்கொண்டேன்.

"ஏனுங்க அம்மிணி, இது பாக்கெட்டுங்களா, பட்டன் ஓட்டைங்களா? இதுக்குள்ள என்ன வைக்கறது, ஏலக்காயா? ஒரு நனைப்புக்கே இப்பிடிச் சாயம் போகுது, இன்னும் நாலு தடவை நனைச்சா நைட்டியே போயிரும்போல. காசைத் திருப்பிக் குடுங்க."

அரை மணி நேரத்தில் பதில் வந்தது. எழுத்தில்தான்.

"வணக்கம்ங்க ரெஜினா அம்மா. தப்பு எங்க பேர்லதானுங்க. காசு அனுப்பிடறோம். கவரை மடிச்சுப் பத்திரமா வெச்சிருப்பீங்க, அதுலயே போட்டுத் திருப்பி அனுப்பிடுங்க."

கவரை மடித்து வைத்தது அவளுக்கு எப்படித் தெரிந்தது? எல்லோரும் மடித்துத்தான் வைப்பார்கள் போலும்.

ஜனவரி 28, புதன்

சிலிண்டர் வந்தது. புளி கொட்டை எடுத்தேன்.

சரி, எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை என்னைத் தவிர வேறு யார் படிக்கப் போகிறார்கள்? கடைக்காரி பெயர் கோகிலவாணி. பத்து வருடம் என் மருமகளாக இருந்தாள். நான்கு வருடத்துக்கு முன்னால், ஆவணி மாதம் பேத்தி மிதுலாவைக் கூட்டிக்கொண்டு அவிநாசியில் அப்பா வீட்டுக்குப் போனவள் போனவள்தான். என் மகன் மோகனசுந்தரம் ஓசூரில் வேலை பார்க்கிறான். பொங்கலுக்கு வரவில்லை. வேலை அதிகம்.

கோகிலவாணியிடம் எனக்கு இருக்கும் குறைகள் எல்லாம் தேதியோடு நினைவில் இருக்கின்றன. கல்யாணமான முதல் தீபாவளிக்கு என் அதிரசத்தைத் தரையில் தட்டிக் காட்டினாள். பரிசத்துக்கு அழைக்க வந்த சொந்தக்காரர்கள் முன்னால் நைட்டியோடு வந்து நின்றாள். நான் "உள்ள போய் மாத்திட்டு வா" என்றதற்கு, "நைட்டியில பாக்கெட் இருந்தா உங்களையும் போட்டு உள்ள கூட்டிட்டே போயிருவேன் அத்தை" என்று எல்லோரையும் சிரிக்க வைத்தாள். என் வீட்டில் நின்றுகொண்டு என்னைக் கேலி செய்தாள். நானும் அன்றைக்குக் கொஞ்சம் சிரித்துவிட்டேன். அந்தக் கோபம் தனி.

மிதுலாவுக்கு இந்த மாதம் பன்னிரண்டு முடிகிறது. இதை ஒரு தகவலுக்காக எழுதுகிறேன்.

ஜனவரி 30, வெள்ளி

பத்து மணிக்குச் சேனலைத் திறந்தால் என் பேச்சு! குரல் இல்லை, எழுத்தில். "பெருந்துறை அம்மா ஒருத்தர் கேட்டது: இது பாக்கெட்டுங்களா, பட்டன் ஓட்டைங்களா? கேள்வி நியாயம். இன்றிலிருந்து எங்கள் பாக்கெட் ஒரு சாண் ஆழம். முன்பு வாங்கிக் குறைப்பட்டவர்கள் எல்லோருக்கும் காசு திரும்ப வரும்." கீழே சிரிக்கிற பொம்மைகள் இருநூறு. திண்டுக்கல்லிலிருந்து ஒருத்தி, "அந்த அம்மாவை எங்க ஊர் ரேஷன் கடைக்கு அனுப்புங்க" என்று எழுதியிருக்கிறாள்.

கூடவே ஒரு வீடியோ. புதுப் பாக்கெட்டுக்குள் ஒரு கை ஸ்கேலை விட்டு ஆழம் காட்டுகிறது. சின்னக் கை. விரல் நீண்டுவிட்டது. சுண்டுவிரலில் நகப்பூச்சு. "ஒன்பது இன்ச்" என்று சொல்கிற குரல் கேட்கிறது. அவ்வளவுதான், அதற்கு மேல் இல்லை.

பாக்கெட் சரியாகத் தைத்திருக்கிறாளா என்று அந்த வீடியோவைப் பதினாறு தடவை பார்த்தேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

"காசு எந்த நம்பருக்கு அனுப்பறதுங்க?" என்று கேட்டிருக்கிறாள். காசை வாங்கிக்கொண்டால் விஷயம் முடிந்துபோகும். அவ்வளவு சுலபமாக விடுவேனா? இன்னொரு நைட்டிக்குச் சொன்னேன். நீலம்.

பிப்ரவரி 4, புதன்

நீலம் வந்துவிட்டது. சாயம் போகவில்லை. ஒன்பது இன்ச் பாக்கெட். தையல் நேர். குறையே இல்லை. எரிச்சலாக இருந்தது.

கண்ணாடி போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். கடைசியில் வலது தோளில் ஒரு நூல் பிசிர். அரை இன்ச் இருக்கும். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அனுப்பினேன்: "அம்மிணி, தோள்ல நூலு தொங்குது. தொரட்டி வெச்சா தேங்காய் பறிக்கலாம்."

டீச்சர் பக்கத்தில் நின்று கேட்டார். "அக்கா, அந்த நூலை நீங்களே கத்தரிச்சா முடிஞ்சு போச்சு."

"அப்பறம் அவ எப்பிடிங்க தெரிஞ்சுக்குவா?"

"யாரு, எதை?"

டீச்சருக்கு வயதாகிவிட்டது, அதிகம் கேள்வி கேட்கிறார்.

பிப்ரவரி 5, வியாழன்

இன்று பத்து மணிக்குத் தேங்காய் பேச்சும் வந்துவிட்டது. "பெருந்துறை அம்மா கண்ணில் படாமல் ஒரு நூலும் இனி இந்தக் கடையை விட்டுப் போகாது." இப்போது ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேர் பார்க்கிறார்கள். "இன்னைக்குப் பெருந்துறை அம்மா என்ன சொன்னாங்க?" என்று கேட்டு எழுதுகிறார்கள். விலையைக் கேட்டவர்கள் அதற்குக் கீழேதான். ஆக, என் வாயை வைத்து வியாபாரம் நடக்கிறது.

சாயங்காலம் அவளிடமிருந்து எனக்கு மட்டும் ஒன்று வந்தது. டீச்சர் படித்துக் காட்ட வாயெடுத்தார். நான் வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு நானே படித்தேன்.

"ரெஜினா அம்மா, ரெண்டு நைட்டிக்கும் காசு ரெடியா இருக்குதுங்க. ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் வேணும். உங்களுக்கு ஞாபகசக்தி எப்பிடிங்க?"

சாப்பிடவில்லை. பசியில்லை.

பிப்ரவரி 6, வெள்ளி

அவள் ஏன் அப்படிக் கேட்டாள் என்று எனக்குத் தெரியும்.

அந்த வருடம் கோகிலவாணியின் நகை பதினொரு பவுன் காணாமல் போனது. அவள் அப்பா போட்டது. மோகன் எடுத்தான் என்று மிதுலா அம்மாவிடம் சொன்னாள், கண்ணால் பார்த்தேன் என்றாள். அப்போது அவளுக்கு எட்டு வயது. நகையைக் கோகிலவாணிதான் தன் தம்பிக்குக் கொடுத்துவிட்டாள், புள்ளைக்குப் பொய் சொல்லச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள் என்று மோகன் சொன்னான். அவிநாசியில் கோகிலவாணியின் அப்பா வீட்டில் பெரியவர்கள் ஒன்பது பேர் உட்கார்ந்து பேசினார்கள். எனக்குப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். "நீங்க வீட்லயே இருக்கறவிங்க, பொய் பேசமாட்டீங்க. உங்க மகன் எடுத்தானுங்களா?" என்று கேட்டார்கள்.

"எனக்கு ஞாபகமில்லைங்க" என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். யார் கல்யாணத்தில் யார் எவ்வளவு மொய் வைத்தார்கள் என்று என்னிடம் கேட்க வருகிறவர்கள்தான் அவர்கள். ஒருத்தர்கூட நம்பவில்லை. ஆனால் அதற்கு மேல் கேட்கவும் முடியவில்லை. புள்ளை பொய் சொன்னது என்று ஆகிப்போனது.

மிதுலா அங்கேதான் இருந்தாள், தூணுக்குப் பக்கத்தில். அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மனுஷிக்கு ஆயுளில் ஒரு தடவை ஞாபகமில்லாமல் போகக் கூடாதா?

பிப்ரவரி 7, சனி

தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்தேன். பக்கத்துக் கடையில் பலகாரம் வாங்கலாமா என்று யோசித்தேன். புகார் சொல்லப் போகிறவள் பலகாரத்தோடு போனால் நன்றாகவா இருக்கும்? வாங்கவில்லை.

டீச்சர் கூட வரவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். நல்ல மனுஷி. அன்றைக்குச் சிரித்ததை மறந்துவிடுகிறேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

போய்விட்டு வந்துவிட்டேன். நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

அவிநாசியில் இறங்கி, ஒன்பது பேர் உட்கார்ந்த அதே வீட்டுக்குப் போனேன். பக்கத்தில் தகரக் கூரை போட்டு நான்கு தையல் மெஷின். ஞாயிறு என்பதால் ஆள் இல்லை. கோகிலவாணி நின்று இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். இளைத்திருக்கிறாள். அவள் அப்பா கட்டிலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மிதுலா, ஸ்டாண்டில் மாட்டிய போனுக்கு முன்னால் நைட்டி மடித்துக்கொண்டிருந்தாள், நாளைய சேனலுக்கு. என்னைப் பார்த்ததும் மடிப்பதை நிறுத்தினாள். உயரம் என் காதுக்கு வந்துவிட்டது.

"வாங்க ரெஜினா அம்மா" என்றாள் கோகிலவாணி. முகத்தில் சிரிப்பு இல்லை, குரலில் இருந்தது.

"எப்பத் தெரிஞ்சுது?"

"விலாசத்தைப் பார்த்ததுமே சந்தேகந்தானுங்க. மொத வீடியோவுல உறுதியாயிருச்சு. ஒரு கவரைக் கிழிக்காம அஞ்சு நிமிசம் நகத்துல நோண்டறதுக்கு இந்த ஜில்லாவுல வேற யாரு இருக்காங்க?"

"முந்தானையை வெச்சுட்டுல்ல பேசுனேன்?"

"ஆமாங்க. முந்தானையை வாயில வெச்சுட்டு அத்தை பேசற மாதிரியே இருந்துச்சு."

அவள் அப்பா பேப்பரை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டார். பேப்பர் குலுங்கியது.

"ரீஃபண்டுக்கு வந்தீங்களா, இல்ல இன்னும் ஏதாவது நூலு தொங்குதா?"

"நீ ஒண்ணு கேட்டியே, அதுக்குப் பதில் சொல்ல வந்தேன்." இரண்டு நைட்டியும் இருந்த பையை நாற்காலியில் வைத்தேன். உட்காரவில்லை. மிதுலாவைப் பார்த்துச் சொன்னேன். "கண்ணு, அந்தப் போனை எம்பக்கம் திருப்பு. எடு. நடுவுல நிறுத்தக் கூடாது. அதானே உங்க கடைச் சட்டம்?"

மிதுலா அம்மாவைப் பார்த்தாள். கோகிலவாணி தலையை அசைத்தாள். போன் என் பக்கம் திரும்பியது. இந்தத் தடவை முகத்தை மறைக்கச் சொல்லவில்லை.

"எம்பேரு நாச்சாத்தாள். பெருந்துறை. ஆடிப் பதினெட்டுக்கு முந்துன செவ்வாய்க்கிழமை, காலையில பத்தே முக்கால். நான் சமையக்கட்டுல பூண்டு உரிச்சுட்டு இருந்தேன். எம்மகன் மோகனசுந்தரம் வந்து அரிசி டிரம்மை நகர்த்துனான். பின்னால இருந்த நீல பிஸ்கட் டப்பாவைத் திறந்து நகையை எடுத்துக் கர்சீப்புல முடிஞ்சான். என்னைப் பார்த்தான். 'ஒரு மாசத்துல திருப்பி வெச்சுருவேம்மா'ன்னான். நான் ஒண்ணும் சொல்லல. பூண்டை உரிச்சேன். வாசப்படியில புள்ள நின்னு பார்த்துட்டு இருந்துச்சு. புள்ள பொய் சொல்லல. நான்தான் சொன்னேன். எனக்கு எல்லாம் ஞாபகம் இருந்துச்சு, அன்னைக்கும் இருந்துச்சு, ஒரு நாளும் மறக்கல."

கோகிலவாணி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரே கைப்பகுதியைத் திரும்பத் திரும்பத் தேய்த்தாள். துணி தீயும் வாசம் வந்தது. அவள் அப்பாதான் எழுந்து போய் இஸ்திரிப் பெட்டியைப் பிடுங்கி நிமிர்த்தி வைத்தார். நல்ல பச்சை நைட்டி, கை போய்விட்டது.

"இதைச் சேனல்ல போடோணும்னாலும் போட்டுக்குங்க" என்றேன். "அந்த ஒன்பது பேரும் பார்க்கட்டும்."

"நைட்டி விக்கற சேனலுங்க அத்தை" என்றாள், திரும்பாமலே. அத்தை என்றாள். "அவங்களுக்கு நானே தனித்தனியா அனுப்பிக்கறேன்."

மிதுலா போனை நிறுத்தவில்லை. அதன் பின்னால் நின்றபடியே கேட்டாள். "நான் அப்ப என்ன பண்ணிட்டு இருந்தேன்?"

"சொன்னேனே கண்ணு. வாசப்படியில நின்னுட்டு."

"நின்னுட்டு என்ன பண்ணேன்?"

சோதிக்கிறாள் என்று புரிந்தது. நான்கு வருடமாக அவளும் அந்தக் காலையைத் தனியாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"மஞ்சக் கவுனு போட்டிருந்தே. ஒரு கால்லதான் செருப்பு. கையில முறுக்கு வெச்சுட்டு இருந்தே."

"தட்டுவடை" என்றாள்.

"முறுக்கு கண்ணு."

"இல்ல, அப்பத்தா. தட்டுவடை. எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது."

அது முறுக்குதான். எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். முந்தின நாள் ராத்திரி நானே சுட்டது. மூன்றாவது சுற்று உடைந்து கீழே விழுந்ததைக்கூட நான்தான் பெருக்கினேன். அவள் போனுக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அன்றைக்குத் தூண் பக்கத்திலிருந்து பார்த்த மாதிரியே.

"ஆமா கண்ணு, தட்டுவடைதான்" என்றேன். "எனக்குத்தான் தப்பா ஞாபகம்."

அப்புறம்தான் போனை அணைத்தாள்.

பிப்ரவரி 10, செவ்வாய்

ரீஃபண்ட் வந்துவிட்டது. இரண்டு நைட்டிக்குமாக எண்ணூற்றுத் தொண்ணூற்றெட்டு. கூரியருக்கு நான் கட்டிய அறுபது ரூபாயைக் காணோம். பத்து வருடத்தில் ஒரு ரூபாய் கணக்குப் பிசகாதவள் அறுபது ரூபாயை எப்படி விட்டாள் என்று தெரியவில்லை. போனில் கேட்டால் சரிப்படாது. ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்க் கேட்க வேண்டும். முறுக்கும் தட்டுவடையும் இரண்டும் சுட்டு எடுத்துப் போகிறேன்.